பள்ளிவாசல்: முஸ்லிம்களின் வணக்கத்தலம்

"பள்ளிவாசலின் பகுதிகள் சிலவற்றைக் குறிப்பிட்டு விளக்குக." இவ்வகை வினா க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்குப் புதியதன்று. பெரும்பாலானோர் மினாரா, குவிமாடம், மிஹ்ராப், மிம்பர், ஹவ்ழ் என்று ஐந்து பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது பள்ளிவாசலின் முக்கிய பகுதியாகும்" என்று ஒரு வசனத்தையும் சேர்த்துவிடுவர். குறிப்பிடுக என்பதற்குரிய புள்ளி கிடைத்துவிடும். விளக்குக என்பதற்குரிய புள்ளி கிடைக்காது. போதாக்குறைக்கு, அந்த ஐந்தில் குவிமாடம் பள்ளிவாசலுக்கு அவசியமானதொன்றே அல்ல.

எனவே இக்கட்டுரையில் ஒவ்வொரு பகுதியையும் "இது ஏன் வந்தது?" என்ற கேள்வியோடு நோக்குவோம். இஸ்லாம் பாடத்துக்குத் தோற்றும் மாணவர்களுக்காகவே இது முதன்மையாக எழுதப்படுகின்றது. ஆயினும் உக்குவளை போன்றதோர் ஊரில் பாங்கோசை, பிரித் ஓசை, கோவில் மணியோசை மூன்றையும் கேட்டு வளரும் ஏனைய மாணவர்களும் இதனை வாசிக்கலாம். தெருவோரத்தில் நாள்தோறும் காணும் ஒரு கட்டடத்தின் உள்ளே என்ன நடைபெறுகின்றது என்பதை அறியாமலே பலர் பாடசாலையை விட்டு விலகுகின்றனர்.

பெயர்

அரபு மொழியில் "மஸ்ஜித்" என்பதன் பொருள் ஸுஜூது செய்யும் இடம் என்பதாகும். ஸுஜூது என்பது நெற்றியை நிலத்தில் வைத்து இறைவனுக்குச் சிரம்பணிதல். ஆகவே அப்பெயர் சுவரையோ கூரையையோ குறிப்பதன்று. நெற்றி படும் நிலத்தையே குறிக்கின்றது. பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளதென நபி (ஸல்) அவர்கள் கூறியதும் இக்கருத்திலேயாகும். வயலோரத்தில் தொழலாம். புகையிரத நிலைய மேடையிலும் தொழலாம். தூய்மையான இடமாக இருத்தல் போதும்.

"பள்ளி" என்பது அரபுச் சொல்லன்று, பழந்தமிழ்ச் சொல். துயிலுமிடம், சமண பௌத்தத் துறவிகளின் உறைவிடம், கல்வி கற்குமிடம் என்றெல்லாம் பொருள் கொண்டிருந்த அச்சொல்லைத் தமிழ் பேசிய முஸ்லிம்கள் தமது வணக்கத்தலத்துக்கு எடுத்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் இராமநாதபுரத்துக்கு அண்மையிலுள்ள திருப்புல்லாணியில், 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டொன்று சோனகரின் தொழுமிடத்தைப் "பிழார் பள்ளி" என்று குறிப்பிடுகின்றது. தொழுகை, நோன்பு ஆகியனவும் இவ்வாறு தமிழிலிருந்தே எடுத்தாளப்பட்ட சொற்களாகும். சிங்களத்தில் "பல்லிய" என்ற சொல் கிறிஸ்தவ தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய இரண்டுக்கும் வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

மதீனாவில் கட்டப்பட்டது

கி.பி. 622 இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்தபோது, மதீனாவுக்கு வெளியே குபா என்னுமிடத்தில் முதற் பள்ளிவாசல் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் மதீனாவினுள்ளே மஸ்ஜிதுந் நபவி எழுந்தது. பரீட்சைக்கு இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

மஸ்ஜிதுந் நபவி அமைந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அவர்கள் அதனை இலவசமாகத் தர முன்வந்தனர். நபியவர்கள் அதனை ஏற்காமல் விலை கொடுத்தே பெற்றார்கள். சிறுவர்களின் சொத்தை அவர்களின் தாராள மனதைப் பயன்படுத்திப் பெற்றுவிடக் கூடாதென்பது இதிலுள்ள நீதி. வினாத்தாளில் "பள்ளிவாசல் கட்டப்படும் நிலம் எத்தகையதாக இருத்தல் வேண்டும்?" என்று கேட்கப்படின் இச்சம்பவத்தையே எழுத வேண்டும். அபகரித்த நிலத்தில் எவ்வளவு அழகான பள்ளிவாசலைக் கட்டினாலும் அது முறையாகாது.

அக்கட்டடம் மிக எளிமையானது. ஏறத்தாழ 35 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது. சுவர்கள் சுடாத மண்கற்களால் ஆனவை. பேரீச்சை மரத் தண்டுகள் தூண்களாகவும் அதன் ஓலைகள் கூரையாகவும் அமைந்தன. மழை பெய்தால் ஒழுகும். சேற்றில் ஸுஜூது செய்ததற்கான அறிவிப்பும் உண்டு. அங்கே மினாரா இல்லை, குவிமாடம் இல்லை, குழிவான மிஹ்ராபும் இல்லை. ஆயினும் உலகின் எந்தப் பள்ளிவாசலுக்கும் அதுவே முன்மாதிரி. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால், எவை அவசியமானவை, எவை பின்னர் சேர்ந்தவை என்று பிரித்தறிவது இலகுவாகும்.

அப்பள்ளிவாசலில் தொழுகை மட்டும் நடைபெறவில்லை. ஒரு புறத்தில் "ஸுப்பா" என்ற நிழல் திண்ணை இருந்தது. வீடில்லாத தோழர்கள் அங்கே தங்கினர், கல்வி கற்றனர். தூதுக்குழுக்கள் அங்கேயே வரவேற்கப்பட்டன. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களும் அங்கு வரவேற்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அபிஸீனியர்கள் பெருநாளன்று ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதும் அங்குதான். அங்கு கூட்டிப் பெருக்கும் பணியைச் செய்த ஒரு பெண்மணி இரவில் காலமானபோது, அவரை அற்பமாகக் கருதியோ என்னவோ நபியவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டனர். நபியவர்கள் அவரைக் காணாமல் விசாரித்து, செய்தியறிந்ததும் அவரது கப்றுக்கே சென்று தொழுவித்தார்கள். பள்ளிவாசலின் மகத்துவம் பற்றி எழுதும்போது மாணவர்கள் பொதுவாக மன்னர்களையும் கட்டடக் கலைஞர்களையுமே எழுதுகின்றனர். இந்தப் பெண்மணியை எழுதுபவர் குறைவு.

கிப்லா

மஸ்ஜிதுக்கு உண்மையில் இன்றியமையாதது திசையாகும். ஆரம்பத்தில் முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதனர். ஹிஜ்ரத்தின் பின் ஏறத்தாழ 16 அல்லது 17 மாதங்களில் மக்காவிலுள்ள கஃபாவை நோக்குமாறு கட்டளை வந்தது. இது ஹிஜ்ரி 2 இல் நிகழ்ந்தது.

உக்குவளையில் கிப்லா எத்திசை? "மேற்கு" என்று உடனே விடை கூறுவீர்கள். அது முழுமையான விடையன்று. உக்குவளையிலிருந்து மக்கா ஏறத்தாழ 4,600 கிலோமீற்றர் தூரத்தில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் ஏறத்தாழ 294 பாகையில் உள்ளது. அதாவது நேர் மேற்கிலிருந்து 24 பாகை வடக்காகத் திரும்ப வேண்டும். பழைய வீடொன்றை அல்லது கடையொன்றைப் பள்ளிவாசலாக மாற்றிய இடங்களில் விரிப்பின் கோடுகள் சுவருக்குச் சரிவாகப் போடப்பட்டிருப்பதைக் கண்டு சிலர் வியப்பதுண்டு. அங்கே கட்டடம் வீதியைப் பார்க்கின்றது. ஸப்பு (தொழுவோர் நிற்கும் வரிசை) கிப்லாவைப் பார்க்கின்றது.

"சூரியன் மறையும் பக்கம்" என்று கூறுவதும் முற்றிலும் சரியாகாது. சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும். யூன் 21 ஆம் திகதியளவில் அது உக்குவளையின் கிப்லாத் திசையிலேயே, ஒரு பாகைக்கும் குறைந்த வேறுபாட்டுடன் மறைகின்றது. டிசெம்பர் 21 இல் அதே சூரியன் கிப்லாவிலிருந்து ஏறத்தாழ 48 பாகை இடப்புறம் விலகி மறைகின்றது. மலைகள் சூழ்ந்த மாத்தளையில் அடிவானம் தெளிவாகத் தெரிவதில்லை என்பது வேறு விடயம்.

இதைவிடத் திருத்தமான முறையொன்று உண்டு. ஆண்டுக்கு இரு தடவை சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் வருகின்றது. மே 28 அளவில் இலங்கை நேரம் பிற்பகல் 2.48 மணிக்கும், யூலை 16 அளவில் பிற்பகல் 2.57 மணிக்கும் இது நிகழும். அவ்வேளை நிலத்தில் செங்குத்தாக ஒரு கோலை நாட்டுங்கள். கோலின் நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசையே கிப்லாவாகும். திசையறி கருவியும் வேண்டாம், கைத்தொலைபேசியும் வேண்டாம். வானம் வெளித்திருத்தல் மட்டும் வேண்டும்.

மிஹ்ராப், மிம்பர், மினாரா

கிப்லாச் சுவரின் நடுவே உள்ள குழிவான மாடமே மிஹ்ராப். அது திசையைக் காட்டுகின்றது. இமாம் அங்கு நின்று தொழுவிக்கின்றார். குழிவான அமைப்பு இமாமின் குரலைப் பின்னோக்கித் திருப்பிவிடவும் உதவும். உமையா கலீபா அல்வலீதின் காலத்தில், உமர் இப்னு அப்துல் அஸீஸ் மதீனாவின் ஆளுநராக இருந்தபோது, கி.பி. 707 - 709 அளவில் மஸ்ஜிதுந் நபவி விரிவாக்கப்பட்ட வேளையிலேயே இவ்வடிவம் அங்கு சேர்ந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. மிஹ்ராப் கோவிலின் கருவறையைப் போன்றது என்று ஒப்பிட்டு எழுதுவது தவறு. மிஹ்ராபினுள் எதுவும் எழுந்தருளுவிக்கப்படுவதில்லை, அதனை நோக்கி எவரும் வணங்குவதுமில்லை. பள்ளிவாசலின் எந்த மூலையும் மற்றொரு மூலையைவிடப் புனிதமானதன்று.

மிம்பர் என்பது ஜும்ஆ நாளில் கத்தீப் ஏறி நின்று குத்பா நிகழ்த்தும் படிமேடையாகும். நபியவர்கள் முதலில் ஒரு பேரீச்சந் தண்டில் சாய்ந்து நின்று உரையாற்றினார்கள். மக்கள் பெருகியதும் பின்னால் இருப்போருக்குத் தெரிய வேண்டியதாயிற்று. மூன்று படிகள் கொண்ட மர மேடை செய்யப்பட்டது. தேவை முன்னே, மரவேலை பின்னே.

மினாராவும் அவ்வாறானதே. பிலால் (ரழி) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசலுக்கு அருகே இருந்த உயரமான வீடொன்றின் கூரையில் ஏறியே அதான் கூறினார்கள். மினாராக்கள் உமையாக்கள் காலத்தில் தோன்றின. இன்று மோதினார் மினாராவில் ஏறுவதில்லை. கீழே நின்று ஒலிவாங்கியில் கூறுகின்றார். ஆகவே மினாரா இன்று பெரும்பாலும் தூரத்திலிருந்தே இடத்தைக் காட்டும் அடையாளமாக நிற்கின்றது. ஒலிபெருக்கியோ அதானின் நிபந்தனையன்று. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குப் பொதுவாக அனுமதி வழங்கப்படலாகாது என்று தீர்ப்பளித்தது. சுபஹ் அதான் அந்நேரத்துக்குள்ளேயே வருவதால் அத்தீர்ப்பு முஸ்லிம்களிடையே பெரிதும் பேசப்பட்டது. அது எல்லா மதத்தலங்களுக்கும் பொருந்தும் தீர்ப்பு என்பதை விடையில் குறிப்பிட மறவாதீர்கள்.

குவிமாடம் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அது ஒரு கட்டடக்கலை மரபு. கொழும்பு புறக்கோட்டையில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பர் என்னும் சிவப்புப் பள்ளிவாசல் தன் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கும் மாதுளம்பழ வடிவக் குமிழ்களுக்கும் பெயர் பெற்றது. அதன் அழகு அதன் அழகே. மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட சிறு பள்ளிவாசலில் தொழும் தொழுகைக்கு அதனால் மதிப்புக் குறையாது.

ஹவ்ழும் நாற்பது பேரும்

தொழுகைக்கு முன் வுழூச் செய்தல் கடமையாதலால் பள்ளிவாசலில் நீர்த்தடாகம் அமைக்கப்படுகின்றது. இதுவே ஹவ்ழ். ஏன் குழாய் மட்டும் போதாமல் இவ்வளவு பெரிய தடாகம்? இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, தேங்கிய நீர் "குல்லதைன்" என்ற அளவுக்குக் குறையாதிருந்தால், அதன் நிறம், மணம், சுவை மாறாத வரை அது அசுத்தமாவதில்லை. அவ்வளவு நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றேகால் முழம் கொண்ட தொட்டியின் அளவு. இன்றைய கணக்கில் சுமார் 200 லீற்றர். நூற்றுக்கணக்கானோர் கைவிட்டு அள்ளும் நீர் தூயதாக இருக்க வேண்டுமெனின் அந்த அளவை நன்கு தாண்டியிருத்தல் வேண்டும். குழாய்நீர் வந்த பின்னர் பல ஊர்களில் ஹவ்ழின் இடத்தைக் குழாய் வரிசை பிடித்துக்கொண்டது. விடையில் இரண்டையும் எழுதலாம்.

எல்லாத் தொழுமிடங்களிலும் ஜும்ஆ நடைபெறுவதில்லை. ஷாபிஈ மத்ஹபில் ஜும்ஆ நிறைவேற, ஊரில் நிலையாக வாழும் பருவமடைந்த ஆண்கள் 40 பேரேனும் கூடியிருத்தல் நிபந்தனையாகும். ஓர் ஊரில் தேவையின்றிப் பல ஜும்ஆக்கள் நடத்துவதையும் அம்மத்ஹப் விரும்புவதில்லை. இதனாலேயே நம் நாட்டில் ஜும்ஆப் பள்ளிவாசல், தக்கியா, ஸாவியா என்று வேறு வேறு பெயர்கள் வழங்குகின்றன. ஐவேளையும் தொழும் சிறு இடங்கள் பல இருக்க, வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊரே ஓரிடத்தில் கூடவேண்டும் என்பது இதன் நோக்கம். தனித்துத் தொழுவதைவிட ஜமாஅத்தாகத் தொழுவது 27 மடங்கு நன்மையுடையதென ஹதீஸ் கூறுகின்றது.

ஸப்பில் முன்பதிவு இல்லை. முதலில் வந்தவர் முன்வரிசையில் நிற்பார். கடை முதலாளியின் தோளும் அவர் கடையில் மூட்டை தூக்குபவரின் தோளும் ஒன்றையொன்று தொடும். புத்தகத்தில் "சமத்துவம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் விடயத்தை இவ்வாறு காட்சியாக எழுதினால் விடை சிறக்கும்.

பெண்கள் விடயத்தில் பலர் தடுமாறுகின்றனர். பெண்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத் கடமையன்று. ஆனால் அவர்கள் பள்ளிவாசலுக்குச் செல்வதைத் தடுக்க வேண்டாமென்று நபியவர்கள் பணித்துள்ளார்கள். மதீனாவில் பெண்கள் ஆண்களின் வரிசைகளுக்குப் பின்னால் நின்று தொழுதனர். இலங்கையில் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாமையைச் சமயச் சட்டமாகக் கருதி "பெண்கள் பள்ளிவாசலுக்குள் செல்லக் கூடாது" என்று எழுதுவது பிழையான விடையாகும்.

வக்பு: யாருக்குச் சொந்தம்?

இப்பகுதியே மாணவர்கள் அதிகம் தவறவிடும் பகுதி. பள்ளிவாசல் யாருக்குச் சொந்தமானது? கட்டியவருக்கா, ஊருக்கா, அரசாங்கத்துக்கா, நிர்வாகிகளுக்கா? இந்நால்வருக்கும் அல்ல. ஒருவர் தன் சொத்தை இறைவனுக்காக நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அது வக்பு ஆகும். வக்புச் சொத்தை விற்க முடியாது, அன்பளிப்புச் செய்ய முடியாது, வாரிசுகள் பங்கிடவும் முடியாது. உமர் (ரழி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, நிலத்தை அவ்வாறே நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக வழங்குமாறு கூறப்பட்டது. வக்பின் அடிப்படை இதுவே: முதல் அசையாது, பயன் மட்டும் ஓடும்.

மாத்தளைப் பக்கத்து மாணவர்களுக்கு இதனை விளக்குவது இலகு. ஒருவர் தன் மிளகுத் தோட்டத்தைப் பள்ளிவாசலுக்கு வக்பு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் மிளகைப் பறித்து விற்றுப் பெறும் பணத்தில் மோதினாரின் சம்பளம், மின்கட்டணம், ஏழை மாணவரின் கொப்பிச் செலவு யாவும் நடைபெறலாம். மிளகின் விலை உச்சத்துக்கு ஏறிய ஆண்டில் "தோட்டத்தையே விற்றுவிடுவோம்" என்று நிர்வாகம் முடிவெடுக்க முடியாது. வக்பு செய்தவரின் மகன் வறுமைப்பட்டு வந்து கேட்டாலும் தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருக்கு வேறு வகையில் உதவலாம்.

இலங்கைச் சட்டமும் இதனை அங்கீகரிக்கின்றது. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமையோடு வக்பையும் உள்ளடக்கியது. அதன் பின் வந்த 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது. இதன்படி பள்ளிவாசல்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றை நிர்வகிப்போர் "நம்பிக்கையாளர்" எனப்படுவர். வக்பு சபை மேற்பார்வை செய்யும். 1982 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் வக்பு நியாய சபை அமைக்கப்பட்டது. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் 1981 இல் தோற்றுவிக்கப்பட்டது. "நம்பிக்கையாளர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் உரிமையாளர் அல்லர். பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர். கணக்குக் காட்டுவது அவரது கடமை. ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவின்போது எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லின் பொருளை மறந்ததால் எழுபவை என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

கண்டி இராச்சியத்தில்

1626 இல் போர்த்துக்கேயர் தம் வசமிருந்த கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் அவர்களுக்குத் தன் இராச்சியத்தில் இடமளித்தான். ஒரு பகுதியினர் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றப்பட்டனர். மலைநாட்டு முஸ்லிம்கள் பலர் "மடிகே பத்த" என்ற போக்குவரத்துப் பிரிவில் சேவை புரிந்தனர். தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகளில் உப்பும் கருவாடும் மலையேறின, பாக்கும் மிளகும் இறங்கின. இராச்சியத்தில் நெடுங்காலம் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், கண்டி நகரிலிருந்த முஸ்லிம்களின் வணக்கத்தலத்துக்குக் காணியுடையோர் ஒவ்வொருவரும் ஒரு பணம் செலுத்த வேண்டுமென முன்னைய மன்னர் ஒருவர் கட்டளையிட்டிருந்ததாகக் குறிப்பிடுகின்றார். பௌத்த மன்னர் ஒருவர் பள்ளிவாசலுக்காக வரி விதித்தார் என்பது வரலாறு பாடத்திலும் எடுத்தாளத்தக்க சான்றாகும்.

கட்டடமும் ஜமாஅத்தும்

பள்ளிவாசல் என்பது கட்டடமா, மக்களா? இவ்வினாவை நம் நாட்டு வரலாறு பல தடவை எழுப்பியுள்ளது.

1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். விடுதலைப் புலிகளே இதற்குப் பொறுப்பெனக் கூறப்பட்டது. மீராப் பள்ளிவாசலின் சுவரில் சன்னத் துளைகள் அவ்வாறே பாதுகாக்கப்பட்டுள்ளன. அங்கே இன்றும் ஐவேளை ஜமாஅத் நடைபெறுகின்றது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவின் பேரில் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். சோனகதெருப் பள்ளிவாசல்கள் நின்றன, தொழுவதற்கு ஆளில்லை. வெளியேறியவர்களோ புத்தளத்தில் ஓலைக்குடில்களுக்கு நடுவே தொழுமிடம் அமைத்துக்கொண்டனர். கட்டடம் யாழ்ப்பாணத்தில், ஜமாஅத் புத்தளத்தில்.

நமது மாத்தளை மாவட்டத்திலேயே 2012 ஏப்ரல் 20 ஆம் திகதி தம்புள்ளையில், பள்ளிவாசல் புனித பூமி எல்லைக்குள் அமைந்துள்ளதாகக் கூறி ஒரு கூட்டத்தினர் அதனுள் புகுந்தனர். அது வெள்ளிக்கிழமையாக இருந்தும் அன்று அங்கு ஜும்ஆ நடைபெறவில்லை. நில உரிமையும் வக்பும் ஏன் ஆவணங்களோடு தெளிவாக இருக்க வேண்டுமென்பது அப்போது பலருக்கு விளங்கியது.

இதற்கு மாறான நாட்களும் உண்டு. 2004 டிசெம்பர் 26 இல் கடல்கோள் தாக்கியபோது கிழக்கிலும் தெற்கிலும் பல பள்ளிவாசல்கள் வீடிழந்தோரின் புகலிடங்களாயின. ஸுப்பாத் திண்ணை மீண்டும் வந்தது போல் இருந்தது. 2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றினால் நாடெங்கும் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. அந்த றமழானில் தராவீஹ் வீட்டுக்கூடங்களில் தொழப்பட்டது. தந்தையோ மகனோ இமாமாக நின்றார். பூமி முழுவதும் தொழுமிடம் என்பதை முன்னர் மனனம் செய்தவர்கள் அவ்வாண்டில் அனுபவித்தனர்.

நீங்களும் சென்று பார்க்கலாம்

முஸ்லிமல்லாத மாணவர்கள் பள்ளிவாசலைப் பார்வையிட விரும்பினால் ஆசிரியர் மூலம் நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பாதணிகளைக் கழற்றுங்கள், உடலை மறைக்கும் உடை அணியுங்கள். தொழுபவரின் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். வெள்ளி நண்பகலைத் தவிர்த்து அஸருக்கு முன்னர் செல்வது வசதியானது. மதரஸாப் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருப்பதையும், மூலையில் சாத்தி வைத்திருக்கும் சந்தூக்கையும் காண்பீர்கள். சந்தூக் என்பது ஜனாஸாவைச் சுமந்து செல்லும் பெட்டி. ஊரில் எல்லோருக்கும் அது ஒன்றே. செல்வந்தருக்கென்று வேறொன்று இல்லை. றமழான் மாதமாயின் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். கஞ்சி வாங்கச் சட்டியுடன் வரும் அயலவரின் மதத்தை யாரும் கேட்பதில்லை.

பயிற்சிக்காக

கீழ்வரும் வினாக்களுக்குக் குறிப்புகளைப் பார்க்காமல் விடை எழுதிப் பாருங்கள். மஸ்ஜிதுந் நபவியின் நிலம் பெறப்பட்ட விதத்தையும் வக்பின் நிபந்தனைகளையும் தொடர்புபடுத்தி விளக்குக. மிஹ்ராப், மிம்பர், மினாரா ஆகியவற்றுள் நபியவர்களின் காலத்திலேயே இருந்தது எது? மற்றவை பின்னர் ஏன் தோன்றின? உரிமையாளருக்கும் நம்பிக்கையாளருக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டினைத் தருக. மே 28 ஆம் திகதி பிற்பகல் 2.48 மணிக்கு உங்கள் பாடசாலை முற்றத்தில் ஒரு கோலை நாட்டி நிழலைக் கோடிட்டு, அதன்படி கிப்லாத் திசையைப் படமாக வரைக.